வைகாசிக் காளான்

அந்த வருடம் வேம்பு தை மாதமே பூத்துவிட்டது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஆகவேண்டிய பூ, பொங்கலுக்குக் கட்டிய கரும்புத் தோகை காய்வதற்குள் உதிர்ந்து வாசலெல்லாம் கிடந்தது. உத்தரகோசமங்கைக்குத் தெற்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டவர் வீரபத்திரன் ஒருவர்தான். மற்றவர்கள் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

வீரபத்திரனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கண்மாய்க்குக் கீழே நெல்லும் மிளகாயும் போடுகிற நிலம். மகன் திருப்பூரில் இருந்தான். வெள்ளாமை இல்லாத மாதங்களிலும் காலையில் கண்மாய்க் கரையில் ஒரு நடை போய்வராவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. எது தளிர்த்திருக்கிறது, எது கருகியிருக்கிறது, எந்தப் புற்று புதிதாக வளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார். பார்த்ததை டீக்கடையில் வந்து சொல்வார். அதை வைத்து மழை இன்ன வாக்கில் வரும், விதைப்பைத் தள்ளிப்போடலாம் என்பார். சில வருடங்கள் அவர் சொன்னபடியே நடந்தும் போனது. அதிலிருந்து ஆட்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு விதைக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் காஜா நவாஸ் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னைக்குச் செடி என்ன சொல்லுது?" என்று கேட்பார். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. வீரபத்திரனின் காதில் மரியாதைப் பாதி மட்டுந்தான் விழும்.

ஆனால் கொஞ்ச காலமாகவே எதுவும் அதனதன் மாதத்தில் நடக்கவில்லை. கார்த்திகையில் வேலியெல்லாம் நெருப்புப் பிடித்த மாதிரி பூக்கிற கண்வலிப்பூ, ஆடியிலேயே கொடியேறிப் பூத்துக் கருகிப்போனது. வெயிலுக்குப் பூக்கிற சரக்கொன்றை ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பூத்தது. கீழக்கரைப் பக்கம் கடலோரத்தில் மட்டுமே அவர் பார்த்திருந்த உமரிச்செடி, கண்மாயின் கடைசி மடையில் சிவப்பாகப் படர்ந்து கிடந்தது. ஒரு கணுவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். உப்புக் கரித்தது. துப்பிவிட்டு அந்த மடையை ஒரு தடவை சுற்றி நடந்து பார்த்தார்.

அன்று கூத்தையாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கூத்தையா அவருடைய நிலத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சின்னப் பிராயத்தில் இதே கண்மாயில் ஒன்றாகக் குதித்து நீந்தியவர்கள். ஆனாலும் கூத்தையாவுக்கு அவர் 'அய்யா'தான். கூத்தையாவும் மனைவி பூமயிலும் இருந்த வீட்டில் வீரபத்திரன் ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது. அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதும் கிடையாது.

"இதுக்கு முன்னால இங்கன இதப் பாத்திருக்கியா?" என்று கேட்டார் வீரபத்திரன்.

கூத்தையா குனிந்து பார்த்தார். "இல்லங்கய்யா. ஆடு கடிச்சா நல்ல செடின்னு வச்சுக்குவோம்."

"உப்பு ஏறுது கூத்தையா. மண்ணு மாறுது."

"மாறட்டும். நம்ம என்ன செய்ய முடியும்," என்று சொல்லிவிட்டுக் கூத்தையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

வைகாசி பிறந்ததும் கடலில் ஒரு காற்றழுத்தம் உண்டானது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தியில் சொன்னார்கள். படகுகள் கரைக்குத் திரும்பின. புயல் எங்கேயோ வடக்கே போய்விட்டது, ஆனால் மழை மட்டும் உள்நாட்டுக்குள் வந்து கொட்டியது. கார்த்திகையில் பெய்கிற மாதிரி, இடி கூட இல்லாமல், விடாமல் பெய்தது. வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழை விட்ட அன்று மாலை ஈசல் பறந்தது. விளக்கைப் போட முடியவில்லை. ஊரே வெளியில் வந்து நின்று வானத்தைப் பார்த்தது. என்ன மழை இது, நல்லதா கெட்டதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வீரபத்திரனைக் கேட்டார்கள். "பாப்போம்," என்று மட்டும் சொன்னார். தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கரையில் நடந்துபோனபோதுதான் காளானைக் கண்டார்.

கரையின் வடக்கு மூலையில், பழைய கறையான் புற்றுக்குப் பக்கத்தில், வட்டமாக வெள்ளை வெளேரென்று நின்றன. சில இன்னும் விரியாமல் முட்டை மாதிரி, சில கைவிரிப்பு அகலத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு. இத்தனை வருடத்தில் வைகாசியில் இப்படி அவர் பார்த்ததில்லை. ஐப்பசி மழைக்கு இதே புற்றில் காளான் வரும். அதை அவர்தான் ஊருக்கு முதலில் பறித்துக்கொண்டு வருவார். அந்தக் காளானுக்கு நடுவில் மூக்கு மாதிரி ஒரு கூம்பு இருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் மாதிரி நீளமாக மண்ணுக்குள்ளிருந்து வரும்.

ஒன்றைப் பிடுங்கினார். வேர் இல்லை. அடித்தண்டு உருண்டையாக, மேலேயே கழன்று வந்தது. தண்டில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம் இருந்தது. குடையின் மேல் பழுப்பாகச் செதில் செதிலாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் வெள்ளை. பெரியதாக விரிந்த ஒன்றில் மட்டும் அந்த வெள்ளை சற்று அழுக்கேறிய மாதிரி, பாசி படிந்த மாதிரி இருந்தது. மழைத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்தார்.

அங்கேயே கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இது அதுவல்ல என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த உடனேயே இன்னொரு எண்ணமும் வந்தது. வேம்பு மாதம் மாறிப் பூத்தது, பூ சிறுத்துத்தானே இருந்தது. கொன்றை மாதம் மாறிப் பூத்தது, நிறம் வெளுத்துத்தானே இருந்தது. காளானும் காலம் மாறி வந்திருக்கிறது, உருவமும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். புற்றுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதே, வேறு எதுவாக இருக்கும். இப்படி நினைத்ததும் அவருக்கு ஒரு சந்தோஷமே உண்டானது. இந்தக் கணக்கு வேறு யாருக்குப் பிடிபடும் என்று தோன்றியது. அழுக்கேறியிருந்ததைத் தூர எறிந்துவிட்டு, விரியாததும் பாதி விரிந்ததுமாகப் பார்த்துப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

வீட்டில் அவர் மனைவி சேதுலட்சுமி அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். அன்று வைகாசி விசாகம். அவள் விரதம்.

"இன்னைக்குப் போயி காளானக் கொண்டாந்துருக்கீகளே. அதுவும் கவுச்சி மாதிரிதான். வீட்டுக்குள்ள வேணாம்."

"நாளைக்கு வச்சா அழுகிப் போகும்."

"அழுகட்டும். இல்ல யாருக்காவது குடுங்க."

கூத்தையா மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவர், முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீரபத்திரன் துண்டோடு எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கொண்டு போ. பூமயில மொளகு தூக்கலாப் போட்டு வைக்கச் சொல்லு."

கூத்தையா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். "வைகாசியில ஏதுங்கய்யா காளான்?"

"மழ பேஞ்சுச்சுல்ல. புத்தடியில இருந்துச்சு."

"நல்லதுதானே?"

"நான் பாக்காமயா குடுக்குறேன்?"

கூத்தையா சிரித்துவிட்டு, துண்டைத் திரும்ப முடிந்துகொண்டு போனார்.

மாலையில் சேதுலட்சுமி கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி, திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கூத்தையாவின் மகள் கவிப்ரியா. ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அய்யா, அப்பாவும் அம்மாவும் வாந்தி எடுக்குறாக. வயித்தாலயும் போகுது. அம்மா எந்திரிக்க மாட்டேங்குது. நூத்தியெட்டுக்குச் சொல்லிருக்கேன், இன்னும் வரல."

வீரபத்திரன் வாசலில் நின்ற தன் பழைய காரை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு முன் அந்தத் தெருவுக்குள் அவர் காரைக் கொண்டு போனதே இல்லை. பூமயில் வாசலில் சுருண்டு கிடந்தாள். கண் செருகியிருந்தது. கூத்தையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தூக்கிக் காரில் ஏற்றும்போது பூமயிலின் கை குளிர்ந்து போயிருந்தது. அடுப்படியில் ஒரு சின்னக் கிண்ணம் மூடி வைத்திருந்தது. கவிப்ரியா அதையும் எடுத்துக்கொண்டாள்.

"எனக்குன்னு எடுத்து வச்சிருந்துச்சு," என்று காரில் ஏறியபோது சொன்னாள். "மத்தியானம் போன்ல சொல்லுச்சு. அய்யா காளான் குடுத்துவிட்டாக, ஒனக்கும் வச்சிருக்கேன்னு." வழியெல்லாம் தாயின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருவருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கிண்ணத்தில் இருந்த குழம்பை டாக்டர் பார்த்தார். "வெந்ததுல ஒண்ணும் தெரியாது. பச்சையா இருந்தா கொண்டு வாங்க," என்றார்.

மறுநாள் விடிந்ததும் வீரபத்திரன் கண்மாய்க் கரைக்குப் போனார். முந்தின நாள் அவர் விட்டுவைத்திருந்த மொட்டுகள் எல்லாம் விரிந்து, தட்டு மாதிரி அகலமாக நின்றன. ஒன்றைத் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கப் பச்சை. மங்கலான, பழைய செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறின பச்சை. அடுத்ததைத் திருப்பினார், அடுத்ததை. எல்லாமே பச்சை. ஐப்பசிக் காளான் எவ்வளவு விரிந்தாலும் அதன் அடியில் பச்சை ஏறாது. தூர எறிந்த அந்த ஒன்றும் அங்கேயே குப்புறக் கிடந்தது. அது கறுத்துப் பூச்சி மொய்த்திருந்தது. புற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாள் பொறுத்திருந்தால் காளானே சொல்லியிருக்கும். அவர் பொறுக்கவில்லை.

இரண்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, செல்போனில் எதையோ தேடி ஒப்பிட்டார்.

"இது வயித்தப் புரட்டிப்போடும். நல்லா இருக்கிற ஆளு ரெண்டு நாள்ல எந்திரிச்சுரலாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தம்மாவுக்கு ஏற்கெனவே சுகர். கிட்னியும் வீக். இவ்வளவு தண்ணி ஒடம்புல இருந்து போயிருக்கு. மதுரைக்குக் கொண்டுபோயிருங்க."

கூத்தையா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பூமயில் எழுந்திருக்கவில்லை. மதுரையில் அவளுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினை வைத்தார்கள். இடையில் ஒருமுறை கண் திறந்து, கவிப்ரியாவைப் பார்த்து, "சாப்பிட்டியா," என்று கேட்டாள். பிறகு பேச்சில்லை. அந்த வாரக் கடைசியில் இறந்துபோனாள்.

விஷத்தால் வந்த சாவு என்பதால் போலீசுக்குத் தகவல் போனது. ஊர் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. மதுரைக்கே வந்தார். பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில், சிமெண்டு பெஞ்சில் கூத்தையாவை உட்காரவைத்து விசாரித்தார். வீரபத்திரன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கவிப்ரியா பிணவறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"காளான யாரு பறிச்சா?"

கூத்தையா தலையைத் தூக்கி வீரபத்திரனை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவதான் சார்."

"ஒங்க சம்சாரமா? எங்க பறிச்சாங்க?"

"கண்மாய்க் கரையில. மழ பேஞ்சு மொளச்சிருந்துச்சு. ஆசைப்பட்டுப் பறிச்சுட்டா."

வீரபத்திரன் வாயைத் திறந்தார். எஸ்.ஐ. நிமிர்ந்து, "நீங்க?" என்று கேட்டார். கூத்தையாவே பதில் சொன்னார். "எங்க அய்யா சார். அவுகதான் கார்ல கொண்டாந்து சேத்தாக."

"நல்ல காரியம் செஞ்சிருக்கீங்க," என்றார் எஸ்.ஐ.

அந்த இடத்தில் வீரபத்திரன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவிப்ரியா கதவுப் பக்கத்திலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூத்தையா சொன்ன பேச்சே ஊரெல்லாம் பரவி, அதுவே நடந்ததாக ஆகிவிட்டது. பூமயில் கரையில் காளானைக் கண்டாள், ஆசைப்பட்டாள், பறித்தாள், செத்தாள். நாலு நாளில் கூத்தையா வேலைக்கு வந்தார். வைக்கோல் போட்டார், தண்ணீர் காட்டினார். முன்பு மாதிரியே "வாரேன்ய்யா," என்று சொல்லிவிட்டுப் போனார். சேதுலட்சுமி ஒருநாள் அடுப்படியிலிருந்தபடியே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க குடுத்ததுன்னு யாருக்குமே தெரியாதா?"

"தெரிஞ்சவுக சொல்லல."

"நீங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று இரவு அவருக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிட உட்காரவில்லை.

காரியத்தன்று வீரபத்திரன் போனார். கூத்தையா வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தது. அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துத் துடைத்துப் போட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சடங்கெல்லாம் முடிந்து இலை போடுவதற்குக் காத்திருந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"கண்டதையும் பறிச்சுத் திங்கலாமா. ஒடம்புக்கு ஆகாதவ, வாயக் கட்டி வச்சிருக்க வேணாமா. இப்ப அந்தப் பிள்ளையில்ல தனியா நிக்குது."

கவிப்ரியா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். ஆண்கள் இருந்த பக்கம் வந்து, வீரபத்திரனின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அய்யா, எங்கம்மாவா பறிச்சுச்சு?"

கூத்தையா பந்தல் காலருகே இருந்து, "ஏத்தா, உள்ள போ," என்றார். அவள் அசையவில்லை.

"செத்தும் அதுக்குக் கெட்ட பேரு. வாயக் கட்டலன்னு சொல்றாக. நீங்க சொல்லுங்க, யாரு பறிச்சா?"

வீரபத்திரன் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல அவரால் முடியவில்லை.

"நான்தான்," என்றார். "நான்தான் பறிச்சேன். நல்ல காளான்னு சொல்லி நான்தான் குடுத்துவிட்டேன். பூமயிலுக்கு ஒண்ணும் தெரியாது. அது கரைப்பக்கமே போகல."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. எதிரில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூத்தையா பந்தல் காலை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், தெருவின் கடைசி வரை நடந்து போய் மறைந்தார். இலை போட்டபோதும் அவர் வரவில்லை.

மறுநாள் வீரபத்திரன் ஸ்டேஷனுக்கும் போனார். எஸ்.ஐ. முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா குடுத்தீங்க? இல்லையில்ல. அவங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப மாத்துனா அவரு பொய் சொன்னாருன்னு அவரையும் விசாரிக்கணும். அது வேணுமா ஒங்களுக்கு? வீட்டுக்குப் போங்க பெரியவரே."

அன்று முதல் கூத்தையா வேலைக்கு வரவில்லை. வீரபத்திரன் ஆள் அனுப்பிப் பார்த்தார், வீடு பூட்டிக்கிடந்தது. காரங்காட்டில் கூத்தையாவின் தங்கச்சி வீட்டுக்குத் தகப்பனும் மகளும் போய்விட்டதாகச் சொன்னார்கள். டீக்கடையில் காஜா நவாஸ் முன்பு மாதிரியே டீயை ஆற்றிக் கொடுத்தார். ஆனால் செடி என்ன சொல்லுது என்று கேட்கவில்லை. அது அவர் காட்டிய இரக்கம் என்று வீரபத்திரனுக்குப் புரிந்தது. விதைப்புக் காலம் வந்தது. யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. அவரவர் இஷ்டத்துக்கு விதைத்தார்கள். அவர் கண்மாய்க் கரைப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார். நிலத்துக்குப் போகும்போதும் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். வழியில் எது பூத்திருந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

புரட்டாசியில் ஒருநாள் அவர் பஸ் ஏறிக் காரங்காட்டுக்குப் போனார். போகப்போவதாகச் சேதுலட்சுமியிடம் சொன்னபோது அவள், "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

காரங்காட்டில் சதுப்பு நிலக் காட்டைச் சுற்றிக்காட்ட வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போகிறார்கள். கூத்தையா அங்கேதான் படகு கழுவுகிற வேலையில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, படகின் அடியில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வீரபத்திரனைக் கண்டதும் தேய்ப்பதை நிறுத்தினார். வாங்கய்யா என்று வாயில் வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

கரையில் ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே அலையாத்திக் காடு. மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"நீ வேலைக்கு வரணும்னு இல்ல," என்று வீரபத்திரன் ஆரம்பித்தார். "அதக் கேக்க நான் வரல. ஒன்னையப் பாக்கணும்னு இருந்துச்சு."

"சரிங்கய்யா."

"நான் சொன்னது ஒனக்குப் பிடிக்கலன்னு தெரியும். ஆனா பூமயிலுக்கு அந்தப் பேரு இருக்கக் கூடாதுன்னுதான்."

"நீங்க சொன்னது நெசந்தான்," என்றார் கூத்தையா. "அதுல தப்பு சொல்லல. ஒங்க மேல எனக்குக் கோவமும் இல்ல. நீங்க வேணும்னா செஞ்சீக?" கையில் ஒட்டியிருந்த சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "போலீசுல நான் அப்படிச் சொன்னது ஒங்களக் காப்பாத்தன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக. ஊரும் அப்படித்தான் நெனைக்குது. அதுவும் உண்டு. ஆனா அது மட்டும் இல்ல."

வீரபத்திரன் அவரைப் பார்த்தார்.

"அவளே பறிச்சான்னா, நான் கொண்டாந்து குடுக்கலன்னு ஆவுதுல்லய்யா. அவளுக்கு அன்னைக்கு மொகங்கழுவக்கூடத் தெம்பில்ல. படுத்திருந்தா. நான்தான் எழுப்பி, அய்யா குடுத்துவிட்டாக, மொளகு தூக்கலாப் போட்டு வையின்னு சொன்னேன். ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கன்னு அதட்டுனேன். படுக்கும்போதெல்லாம் அவளே பறிச்சான்னு நெனச்சுக்குவேன். கொஞ்சம் தூக்கம் வரும். நெசமாவே அப்படித்தான் நடந்துச்சோன்னு தோணுற அளவுக்கு வந்துட்டேன். நீங்க எல்லாரு முன்னாலயும் சொல்லிப்புட்டீக. இப்ப அது இல்ல."

வீரபத்திரன் கையை நீட்டிக் கூத்தையாவின் தோளில் வைக்கப் பார்த்தார். கூத்தையா எழுந்துகொண்டார். கோபமாக எழுந்ததாகத் தெரியவில்லை. வேலை இருக்கிறவர் எழுவது மாதிரிதான் எழுந்தார்.

"அடுத்த சவாரிக்கு ஆள் வந்துருவாக. படகு காயணும்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கவிப்ரியா ரோடு வரைக்கும் கூட வந்தாள். பக்கத்தில் ஏதோ நண்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. வெயிலில் இருவரும் சற்று விலகி நின்றார்கள்.

"நான் அன்னைக்குக் கேட்டது தப்பில்ல," என்றாள்.

"தப்பில்லத்தா."

"கேக்காம இருந்தா எங்கம்மாவ ஊரு அப்படியேதான் பேசும். கேட்டதுல எங்கப்பா இப்படி ஆயிட்டாரு." தொலைவில் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இனிமே வராதீக அய்யா. நீங்க போன பெறகு அவரு சாப்பிட மாட்டாரு. இன்னைக்கும் சாப்பிட மாட்டாரு. எனக்குத் தெரியும்."

வீரபத்திரன் தலையசைத்தார். "ஒனக்கு எதுவும் வேணும்னா..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் பஸ் கிளம்பும்வரை நிற்கவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வந்த வழியே தகப்பன் இருக்கிற பக்கம் வேகமாக நடந்தாள். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டதற்கு வீரபத்திரன் ஊர்ப் பெயரைச் சொல்ல மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இரண்டாவது தடவையும் கேட்டார்.